ஒளிச்சு வெச்ச கேமராவுல ராத்திரி படம் தெரியணும்னா: மிஸ்ட் இறங்கற ஊர்க்காரன் சொல்ற செய்முறை

எங்க வீடு கோத்தகிரி பக்கம். சுத்தி தேயிலைத் தோட்டம், கடைசி தெருவிளக்கு எங்க கேட்டுக்கு அறுபது அடி முன்னாடியே முடிஞ்சுரும். போன வருஷம் வாசல்ல வெள்ளையா ஒரு புல்லட் கேமரா (குழாய் மாதிரி நீட்டிட்டு இருக்கறது) மாட்டினேன், பத்தே நாள்ல குரங்கு வந்து வயரோட பிடுங்கிட்டு கூரை மேல ஏறிருச்சு. சரி, கண்ணுக்குத் தெரியாத மாதிரி வைப்போம்னு அப்பதான் இறங்கினேன். திருடனுக்குப் பயந்துதானேன்னு கேக்காதீங்க, அவன் எல்லாம் குரங்குக்கு அப்புறம்தான்.

ஆப் இறக்கறது, வைஃபை கனெக்ட் பண்றது எல்லாம் டப்பாவுலயே போட்ருக்கு, அத விட்டுடறேன்.

முதல்ல வாங்கறது. கடிகாரம், ஸ்க்ரூ, பல்பு மாதிரி வர்ற ஊசி ஓட்டை கேமரா பக்கமே போகாதீங்க. அத்தனூண்டு ஓட்டைல வெளிச்சம் எங்க உள்ள போகும், பகல்ல கண்ணாடியாட்டம் இருக்கும், ஆறரை மணிக்கு மேல படம் பூரா புழு நெளியும். சென்சார் (வெளிச்சத்த படமா மாத்தற சில்லு) குறைஞ்சது 1/2.8 இன்ச், காசு இருந்தா 1/1.8 (கீழ இருக்கற நம்பர் சின்னதா இருந்தா சென்சார் பெருசு, இதுல நானே குழம்பியிருக்கேன்). லென்ஸ் எஃப் 1.6 இல்ல அதுக்கும் கம்மி (எஃப் நம்பர் கம்மியானா லென்ஸோட திறப்பு பெருசு). எஃப் 2.0 லென்ஸ விட எஃப் 1.0 லென்ஸ்ல நாலு மடங்கு வெளிச்சம் உள்ள வரும். 8 மெகாபிக்சல்னு ஆசைப்படாதீங்க, அதே சென்சார்ல பிக்சல் சின்னதாயிரும், ராத்திரிக்கு 4 போதும்ங்கறது என் கட்சி. ராத்திரியும் கலர்ல தெரியும்னு விக்கறது தெருவிளக்கு இருக்கற ஊருக்கு நல்லாருக்கும். எங்கள மாதிரி கும்மிருட்டுல அது தானா வெள்ளை லைட்ட போட்டுக்கும், அப்புறம் ஒளிச்சு வெச்சதுக்கு என்ன அர்த்தம்?

அடுத்து இடம். சன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் வெச்சா யாருக்கும் தெரியாதுன்னு நானும் வெச்சுப் பாத்தேன். கேமராவோட ஐஆர் வெளிச்சம் (இருட்டுல பாக்கறதுக்கு கேமராவே அடிக்கற, கண்ணுக்கு அவ்வளவா தெரியாத இன்ஃப்ராரெட்) கண்ணாடில பட்டுத் திரும்பி வந்து அதோட லென்ஸையே அது பாத்துட்டு இருந்துச்சு. கடைசில சன்ஷேட்டுக்கு அடியில, மரச்சட்டத்தோட ஒட்டி, ஒன்பது அடி உயரத்துல சின்ன டரெட் கேமரா (உருண்டைத் தலை, முன்னாடி கண்ணாடி மூடி இல்லாதது) ஒண்ணு மாட்டி, லென்ஸுக்கு டேப் ஒட்டிட்டு உடம்புக்கு மட்டும் காப்பிக்கலர் பெயிண்ட் அடிச்சேன். இன்னும் மேல ஏத்தினா குல்லாவும் மண்டையும்தான் பதிவாகும். டோம் (கண்ணாடிக் கிண்ணத்த கவுத்த மாதிரி மூடியோட வர்றது) வேணாம், மூடில ஈரமோ அழுக்கோ படிஞ்சா ஐஆர் உள்ளயே சிதறும்.

இப்போதான் என் உசுர வாங்கின விஷயம்.

மாட்டின முதல் வாரம், ராத்திரி பதினொன்ற இருக்கும், போன்ல அலர்ட் வருது, திறந்தா ஸ்க்ரீன் பூரா பால ஊத்தின மாதிரி வெள்ளை. பின்னாடி ஸ்டோர் ரூம்ல தகரம் உருள்ற சத்தம் மட்டும் கேக்குது. காலைல பாத்தா சமையல் எண்ணெய் டின் நசுங்கி, மூடில நாலு பல் ஓட்டை. கரடி! வீட்டு வாசல்லயே வந்துட்டுப் போயிருக்கு, கேமராவுல ஒரு முடி கூட இல்ல.

காரணம் சிம்பிள். மேட்டுப்பாளையம் ரோட்டுல மிஸ்ட்டுக்குள்ள ஹை பீம் போட்டா எதிர்ல வெள்ளைச் சுவர் நிக்கும்ல, அதேதான். ஐஆர் எல்இடி லென்ஸ ஒட்டியே இருக்கறதால பக்கத்துல இருக்கற தண்ணித்துளி எல்லாம் லென்ஸுக்கே வெளிச்சத்த திருப்பி அடிக்குது. அதனால கேமராவோட ஐஆர ஆஃப் பண்ணிட்டு தனியா ஐஆர் லேம்ப் வாங்கி, லென்ஸ்லருந்து ஆறேழு அடி தள்ளி, தாழ்வா, பக்கவாட்டுல இருந்து கேட்ட பாத்து அடிக்கற மாதிரி வைங்க. நான் பூந்தொட்டிக்குப் பின்னாடி வெச்சேன். அலைநீளம் 850 நானோமீட்டர் லேம்ப்னா இருட்டுல லேசா செவப்பா கண்ணுக்குத் தெரியும், 940னா சுத்தமா தெரியாது, ஆனா கேமராவுக்கும் அது கம்மியாத்தான் தெரியும், தூரம் நல்லாவே அடிவாங்கும். நான் 940ல ரெண்டு போட்டுட்டேன்.

போட்டும் ஸ்க்ரீன் கருப்பு. லேம்ப் ரிப்பேர்னு நெனச்சு கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போயிருப்பேன், நல்லவேளை போனோட செல்ஃபி கேமராவுல லேம்ப பாத்தேன், வெளிறின ஊதாவுல பளிச்சுன்னு எரியுது. (டிவி ரிமோட்டயும் இப்படிப் பாக்கலாம்.) விஷயம் என்னன்னா, ஐஆர ஆஃப் பண்ணதும் என் கேமரா பகல் மோட்லயே நின்னுருச்சு. பகல் மோட்ல சென்சாருக்கு முன்னாடி ஒரு ஃபில்டர் மூடியிருக்கும், அது ஐஆர உள்ளயே விடாது. செட்டிங்ஸ்ல டே நைட்னு தனியா ஒண்ணு இருக்கும், அத பிளாக் அண்ட் வைட்டுக்கு மாத்தினதும் கேமராவுக்குள்ள ‘டிக்’னு சத்தம் கேட்டுச்சு, ஸ்க்ரீன்ல வாசல் கேட் தெரிஞ்சுது. ரெண்டு ராத்திரி இதுலயே போச்சு. டைமர் இருந்தா சாயங்காலம் மாறி காலைல திரும்பற மாதிரி போட்ருங்க.

ஷட்டர் (ஒரு படத்துக்கு வெளிச்சம் வாங்கற நேரம்) ஆட்டோல இருந்தா 1/25 செகண்டுக்கு மேல நீள விடாதீங்க. நீண்டா நின்ன செடி அழகா தெரியும், நடக்கற ஆள் புகையாயிருவான்.

கரண்டுக்கு பிஓஇ ஸ்விட்ச்தான் (நெட் கேபிள்லயே கரண்டையும் அனுப்பற பெட்டி), 100 மீட்டர் வரைக்கும் ஒரே கேபிள்ல வேலை முடிஞ்சுது, கூட ஒரு சின்ன யூபிஎஸ். கேபிள் சுவத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கீழ ஒரு வளைவு தொங்க விடுங்க, மழைத்தண்ணி அங்கயே சொட்டிரும். சோலார் பேட்டரி கேமராவெல்லாம் தொடர்ந்து நாலு நாள் வெயிலே வராத ஊருக்கு ஆகாது. ஊட்டில உறைபனி விழற காலைல இன்னும் மோசம், ஜீரோ டிகிரிக்குக் கீழ லித்தியம் பேட்டரிய சார்ஜ் பண்ணக் கூடாது. ரெக்கார்டிங் 2 எம்பிபிஎஸ்னா (செகண்டுக்கு 2 மெகாபிட்) ஒரு நாளைக்கு 21 ஜிபி சொச்சம், 128 ஜிபி கார்டு ஆறு நாள் கூட முழுசா வராது.

ஒளிச்சு வெச்சிருக்கறதால இன்னொண்ணு. பக்கத்து வீட்டு அக்காவோட துணி துவைக்கற கல்லு ஓரத்துல தெரிஞ்சுது, அந்த இடத்த பிரைவசி மாஸ்க் போட்டு மறைச்சுட்டு அவங்களக் கூப்பிட்டு ஸ்க்ரீனையும் காட்டிட்டேன். இப்போ அவங்க கோழி காணோம்னா நேரா எங்க வீட்டுக்குத்தான் வராங்க.

அப்டேட்: லென்ஸுக்கு உள்பக்கம் பனி படியுதுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. வெயில் அடிக்கற மத்தியானமா பாத்துத் திறந்து, செருப்பு டப்பாவுல வர்ற சிலிகா ஜெல் பொட்டலம் ஒண்ணு உள்ள போட்டு, கேபிள் நுழையற ரப்பர இறுக்கி மூடுங்க. மிஸ்ட்ல நின்னு திறந்தா அந்த ஈரத்தையும் சேத்துத்தான் உள்ள வெச்சுப் பூட்டுவீங்க.