டிராகன் பறக்குற உலகத்துல ரியலிசம் ரூல் எங்க வெக்கணும், எங்க வெக்கக்கூடாது

டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது ஆளுக்கொரு கேரக்டரா நடிச்சு டைஸ் உருட்டி கதைய நகத்துற விளையாட்டு, அத நடத்துற எல்லா டிஎம்முக்கும் (கதைய சொல்லி ரூல பாத்துக்கிறவர்) ஒரு நாள் இந்த சண்டை வரும். ஒருத்தர் "அறுபது மீட்டர் மேலருந்து விழுந்தவன் எப்படிங்க எந்திரிச்சு நடப்பான்"னு கேப்பார், இன்னொருத்தர் "டிராகன் நெருப்பு கக்குறத நம்புறீங்க, இத நம்ப மாட்டீங்களா"ன்னு கேப்பார். ரெண்டாவது கேள்விய நான் ஒத்துக்க மாட்டேன். டிராகனும் மந்திரமும் இருக்குன்னு நாம முன்னாடியே பேசி ஒத்துக்கிட்டோம், மத்ததெல்லாம் நம்ம உலகம் மாதிரிதான்னு நம்பித்தான் பிளேயருங்க பிளான் போடுறாங்க, எண்ணெய ஊத்தி பத்த வெச்சா எரியும், கயிறு அறுந்தா விழுவோம், சாப்பாடு இல்லன்னா தளர்ந்துருவோம். அந்த நம்பிக்கை ஒடஞ்சா பிளான் போடவே முடியாது, டைஸ் உருட்டுறது மட்டும்தான் மிஞ்சும். அதனால ஒரு ரூல சேக்கும்போது அது நிஜம் மாதிரி இருக்கான்னு பாக்குறத விட, அத வெச்சு அடுத்து என்ன நடக்கும்னு பிளேயரால யூகிக்க முடியுதான்னு பாருங்க.

முதல்ல உங்க கேம்பெயின்ல (பல நாள் தொடர்ந்து ஓடுற கதை) பிளேயருங்க எதப் பத்தி கவலப்படணும்னு முடிவு பண்ணுங்க. பனிமலைய தாண்டுற கதைன்னா சாப்பாடு, குளிர், சுமை. அரண்மனை சூழ்ச்சின்னா காயம், வதந்தி, பணம். அந்த ஒண்ணு ரெண்டு விஷயத்துக்கு மட்டும் விவரமா ரூல் வைங்க, மத்தத சுலபமா விட்டுருங்க. எல்லாத்துக்கும் ரூல் வெச்சா ஒரு சின்ன சண்டையே சாயங்காலம் பூரா ஓடும்.

இப்ப ஹிட் பாயிண்ட், அதாவது அடி வாங்க வாங்க கொறையுற எண், பூஜ்யம் ஆனா கேரக்டர் விழுந்துரும். முக்கால்வாசி வாக்குவாதம் இங்கதான் வருது. ஹிட் பாயிண்ட்னா சதையும் ரத்தமும்னு நெனச்சுக்கிறதாலதான் குழப்பம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமா டி&டி) கேமுக்கு 1979ல வந்த டிஎம் கைடுலயே, அந்த கேம உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸ் அதுல பெரும்பகுதி திறமை, அதிர்ஷ்டம், தெய்வத்தோட துணை இதெல்லாம்தான்னு விளக்கிட்டார். அதனால ரூல மாத்துறதுக்கு முன்னாடி நீங்க விவரிக்கிற விதத்த மாத்திப் பாருங்க. எட்டு பாயிண்ட் போச்சுன்னா "வாள் நெஞ்சுல எறங்குச்சு"ன்னு சொல்லாதீங்க, "கேடயத்துல பட்டு கை மரத்துப்போச்சு, அடுத்த அடிய தடுக்குறது கஷ்டம்"னு சொல்லுங்க. நிஜமான காயம் பூஜ்யத்துக்கு கொண்டுபோற அந்த கடைசி அடியா இருக்கட்டும். பாதி புகார் இதுலயே தீர்ந்துரும்.

தீராத இடம் உயரத்துலருந்து விழறது, அங்க திறமைன்னு சொல்லி தப்பிக்க முடியாது. டி&டி 5ஆம் எடிஷன்ல விழற ஒவ்வொரு பத்து அடி உயரத்துக்கும் ஒரு டி6 (ஆறு பக்க டைஸ்) டேமேஜ், அதிகபட்சம் 20டி6, அதாவது இருபது டைஸ், அதோட சராசரி 70. கான்ஸ்டிடியூஷன் (உடம்பு உறுதி) 16 இருக்குற பத்தாம் லெவல் ஃபைட்டருக்கு சராசரி கணக்குல 94 ஹிட் பாயிண்ட், அப்ப 200 அடியிலருந்து விழுந்தாலும் பெரும்பாலும் பொழச்சுருவான், தெரிஞ்சே குதிப்பான். இது உங்களுக்கு உறுத்துச்சுன்னா டேமேஜ ஏத்த வேணாம், முப்பது அடிக்கு மேல விழுந்தா கூடவே ஒரு கான்ஸ்டிடியூஷன் சேவ் (பாதிப்புலருந்து தப்பிக்க உருட்டுறது), தோத்தா கால் ஒடஞ்சு வேகம் பாதின்னு வைங்க. பள்ளத்த பாத்து பயம் வரும், கேரக்டரும் சாகாது.

ஹவுஸ் ரூல் (நீங்களா போடுற சொந்த ரூல்) சேக்கும்போது ரெண்டு விஷயத்த கண்டிப்பா பாருங்க.

ஒண்ணு, எந்த ஸ்பெல் (மந்திரம்) அந்த ரூல காலி பண்ணும்னு தேடுங்க. சாப்பாடு கணக்கு வெக்கலாம்னு நெனப்பீங்க, ஆனா குட்பெர்ரின்னு முதல் லெவல் ஸ்பெல் ஒண்ணுலயே பத்து பழம் வரும், ஒரு பழம் ஒருத்தருக்கு ஒரு நாள் சாப்பாடு. தீப்பந்தம் ஒரு மணி நேரந்தான் எரியும்னு எண்ணிட்டு இருப்பீங்க, லைட் கேன்ட்ரிப் (எத்தன தடவ வேணும்னாலும் போடக்கூடிய வெளிச்ச மந்திரம்) இருக்குறவங்க அத கண்டுக்கவே மாட்டாங்க. அந்த ஸ்பெல்ல எடுக்கணுமா இல்ல ரூல கைவிடணுமான்னு கேம்பெயின் தொடங்குறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க, நடுவுல புடுங்குனா மனசு கஷ்டப்படும்.

ரெண்டு, யார் தலைல விழுதுன்னு பாருங்க. அடிக்க உருட்டுற இருபது பக்க டைஸ்ல நேச்சுரல் 1, அதாவது டைஸ்லயே 1 விழுந்தா வாள் கை நழுவும்ங்கற ஃபம்பிள் ரூல் நெறைய டேபிள்ல இருக்கு, எனக்கு கொஞ்சமும் புடிக்காது. ஒரு டர்னுக்கு ஒரு தடவ அடிக்கிற புதுப் பையனுக்கு அது 5 சதவீதம், நாலு தடவ அடிக்கிற இருபதாம் லெவல் வீரனுக்கு கிட்டத்தட்ட 18.5 சதவீதம். திறமை கூடக் கூட வாள் அதிகமா நழுவுதுன்னா அது எந்த உலகத்துலயும் நிஜம் இல்ல. தான் உருட்டாம எதிரிய சேவ் போட சொல்ற விசார்டுக்கோ (மந்திரவாதி) இந்த கவலையே கெடையாது.

ஓய்வெடுத்து ஹிட் பாயிண்டயும் ஸ்பெல்லயும் திரும்பப் பெறுறதுக்கு 2014 டிஎம் கைடுல ஒரு ரெடிமேட் வழி இருக்கு, ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். பயணம் அதிகம், சண்டை எப்பவாவதுதான்னா அருமையா வேல செய்யும், ஒரே குகைக்குள்ள வரிசையா சண்டைன்னா கூடவே கூடாது. தூக்குற எடைக்கு அதே 2014 எடிஷன்ல இருக்குற வேரியன்ட் ரூல் (வேணும்னா சேத்துக்கிற ரூல்) போதும், ஸ்ட்ரெங்த் (உடல் பலம்) எண்ணோட 5 மடங்கு பவுண்டுக்கு மேல தூக்குனா வேகம் 10 அடி கொறையும்.

இதெல்லாம் பத்தல, ஒவ்வொரு வெட்டும் கனமா இருக்கணும்னா டி&டிய வளைக்காதீங்க, வேற சிஸ்டம் எடுங்க. 1978ல வந்த ரன்க்வெஸ்ட்ல தலை, நெஞ்சு, வயிறு, கை, கால்னு மனுஷனுக்கு ஏழு இடத்துக்கும் தனித்தனி ஹிட் பாயிண்ட். 1986ல வந்த கர்ப்ஸ்ல ஒரு டர்னுன்னா ஒரு செகண்ட், அடி வந்தா விலகுறதா தடுக்குறதான்னு நீங்களே முடிவு பண்ணி உருட்டணும், சாதாரண மனுஷனுக்கு மொத்தமே 10 ஹிட் பாயிண்ட். அங்க பிளேயருங்க சண்டைய தவிர்க்கத்தான் முதல்ல யோசிப்பாங்க. உங்க ஆளுங்களுக்கு அது புடிக்குமான்னு கேட்டுட்டு ஆரம்பிங்க.

புது ரூல் எதுவா இருந்தாலும் ஒரு நேரத்துல ஒண்ணுதான் சேக்கணும். மூணு செஷன் ஓட்டிட்டு, அந்த ரூலால யாராவது வேற மாதிரி முடிவு எடுத்தாங்களான்னு பிளேயருங்ககிட்டயே கேளுங்க, ஒருத்தர் கூட எடுக்கலன்னா அடுத்த செஷன்லயே தூக்கிருங்க.