அறை வாடகையில் தொடங்குகிறது இழப்பு: மருத்துவக் காப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாள். காப்பீடு ஐந்து லட்சம், பில் 2,20,000 ரூபாய். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று பில்லிங் கவுன்ட்டருக்குப் போனேன். 89,600 ரூபாய் கட்டச் சொன்னார்கள். யாரும் ஏமாற்றவில்லை, எல்லாமே பாலிசியில் அச்சாகியிருந்தது. ஆறு வருடம் பிரீமியம் கட்டிய நான் அதை ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

தவறு அறையில் தொடங்கியது. அப்பாவின் தூக்கம் கெடக்கூடாதே என்று நாளுக்கு 8,000 ரூபாய் தனி அறை கேட்டேன். பாலிசியில் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. மீதி 3,000 வீதம் நான்கு நாளுக்கு 12,000 கைக்காசு போகும், போகட்டும் என்று நினைத்தேன். பலரும் போடும் கணக்கு இதுதான்.

ஆனால் பல மருத்துவமனைகளில் அறையின் தரம் உயர உயர, அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், ஆபரேஷன் தியேட்டர் கட்டணங்களும் உயர்கின்றன. அதனால் வரம்பை மீறிய அறையில் தங்கினால், இந்தக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் நிறுவனம் குறைத்துக்கொள்ளும். இதற்கு விகிதாசாரக் கழிவு என்று பெயர். 8,000க்கு 5,000 என்றால் 62.5 சதவீதம். எங்கள் பில்லில் இந்த வகைக் கட்டணங்கள் 1,20,000. ஏற்றது 75,000. வாடகை வித்தியாசம் 12,000, இதில் 45,000. ஆக 57,000 ரூபாய் அறையைத் தேர்ந்தெடுத்த ஐந்து நிமிடத்திலேயே போய்விட்டது.

மருந்து, பரிசோதனைச் செலவு 68,000ஐ முழுதாக ஏற்றார்கள். அது சலுகை அல்ல. மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள், ஐசியு கட்டணம் ஆகியவற்றில் விகிதாசாரக் கழிவு செய்யக் கூடாது என்று காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அறைக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையிலும் கூடாது. கிளைம் கணக்கு கைக்கு வந்ததும் வரி வரியாகப் பாருங்கள். இவற்றில் வெட்டியிருந்தால் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

மீதி 32,600? அது கோ-பே. மூத்த குடிமக்களுக்கான எங்கள் பாலிசியில் 20 சதவீதம். ஏற்றுக்கொண்ட 1,63,000 ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கு நம் பங்கு. பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று மகிழ்ந்து வாங்கும் பாலிசிகளில் இந்த வரியை முதலில் தேடுங்கள். கோ-பே ஒவ்வொரு கிளைமிலும் வரும். பில் பெருகினால் நம் பங்கும் பெருகும்.

ஊரைப் பொறுத்தும் கோ-பே வரலாம் என்பது பலருக்குத் தெரியாது. சில நிறுவனங்கள் நகரங்களை மண்டலங்களாகப் பிரித்து, சிறிய ஊர்க்காரர்களுக்குக் குறைந்த பிரீமியம் வாங்குகின்றன. சொந்த ஊர் முகவரியில் பாலிசி எடுத்துவிட்டு, உயர்ந்த மண்டலத்து நகரத்தில் சிகிச்சை பெற்றால் ஒரு பங்கை நாம் கட்ட வேண்டியிருக்கும். பெரிய சிகிச்சை என்றாலே சென்னைக்கு பஸ் ஏறும் குடும்பங்கள், வித்தியாசத் தொகையைக் கட்டி மேல் மண்டலத்தில் எடுப்பதே நல்லது என்பேன்.

டாப்-அப், அதாவது குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஆகும் செலவுக்கு மட்டும் பணம் தரும் கூடுதல் பாலிசி, எடுப்பவர்கள் செய்யும் தவறு வேறு. அந்தத் தொகைக்கு டிடக்டிபிள் என்று பெயர். டிடக்டிபிள் ஐந்து லட்சம் என்றால், முதல் ஐந்து லட்சம் வரையான செலவு அடிப்படை பாலிசியிலிருந்தோ நம் கையிலிருந்தோ போக வேண்டும். சாதாரண டாப்-அப் ஒவ்வொரு சிகிச்சையையும் தனித்தனியாகப் பார்க்கும். ஒரே ஆண்டில் 3 லட்சத்துக்கு ஒருமுறை, 4 லட்சத்துக்கு ஒருமுறை படுத்தால் அது ஒரு ரூபாய்கூடத் தராது. சூப்பர் டாப்-அப் ஆண்டுச் செலவை மொத்தமாகக் கூட்டி, 7 லட்சத்தில் 2 லட்சத்தைத் தரும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். வாங்கும்போது அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாற்பது பக்கப் பாலிசியை யார் படிப்பது என்று கேட்பீர்கள். அதனுடன் வரும் வாடிக்கையாளர் தகவல் தாளையாவது படியுங்கள். வரம்புகள், கோ-பே, டிடக்டிபிள், காத்திருப்புக் காலம் எல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். உள்ளூர் மொழியில் கேட்டால் நிறுவனம் கொடுக்க வேண்டும் என்பது விதி, தமிழிலேயே கேளுங்கள். புதிய பாலிசி பிடிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அம்மாவின் தாளை இப்போது பீரோ கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன். அறை வாடகை வரிக்குக் கீழே சிவப்புக் கோடு.