பூம்பாறை பீரோவுக்கு வேர்த்த கதை

அக்டோபரில் பூம்பாறையில் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன நூலகம் தொடங்கினேன். ஒரே அறை, ஒரு இரும்பு பீரோ, 140 புத்தகங்கள். மூன்றாவது வாரமே சாம்பல் நிறத்தில் பூசணம். பீரோவைத் திறந்தாலே ஈரச்சாக்கு வாடை.

முதலில் அந்துருண்டை போட்டேன். அது பூச்சிக்குத்தான் ஆகும், பூசணத்துக்கு இல்லை. பிள்ளைகள் மூக்கைப் பொத்தியதுதான் மிச்சம். அப்புறம் வெயிலில் காயவைத்தேன். கொடைக்கானல் மேல்மலையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்து வெயிலை நம்பலாமா? மதியம் மஞ்சு இறங்கி, காய்ந்ததெல்லாம் மறுபடி நமத்துப்போனது. பத்து நாள் இப்படியே போயிற்று.

"அக்கா, காக்கி அட்டை போட்ட புக்குல ஒண்ணுமே இல்லக்கா" என்றாள் நான்காம் வகுப்புக்காரி ஒருத்தி. உண்மைதான். பூசணம் பிடித்ததெல்லாம், கிழியாமல் இருக்கட்டும் என்று நான் பிளாஸ்டிக் உறை போட்டவை. அதுவும் பீரோவின் பின்தகட்டைத் தொட்ட ஓரத்தில்தான் அதிகம். தகட்டைத் தடவினேன், கை நனைந்தது. பீரோ வெளிச்சுவரோடு ஒட்டி நின்றது. சுவரின் குளிர் தகட்டில் ஏறி, அறைக்குள் இருந்த ஈரக்காற்று அதில் பட்டு வேர்த்திருக்கிறது. மழைநாளில் போட்ட உறையோ தாளின் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிட்டது.

உறைகளை உரித்தேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வாசலில் வைத்து உலர்ந்த பிரஷ்ஷால் பூசணத்தைத் தட்டினேன். பீரோவை உள்சுவர்ப் பக்கம் மாற்றி, நான்கு விரல் இடைவெளி விட்டேன். புத்தகங்கள் தகட்டைத் தொடாமலிருக்க, தட்டுக்குத் தட்டு பின்னால் ஒரு மூங்கில் குச்சி. மஞ்சு இறங்கினால் ஒழிய ஜன்னலைச் சாத்துவதில்லை.

டிசம்பர் மழையும் முடிந்துவிட்டது. புதிதாக ஒரு புள்ளிகூட இல்லை. அப்பாடா!