கற்பனை நாட்டு மொழிக்கு ஒலி அமைப்பது எப்படி

செம்மண் பூமியில் ஒரு வணிக ஊர். கடலுக்கு அப்பால், ஆறு பல கிளையாகப் பிரிந்து பாயும் நெல் நாடு. நடுவே கப்பல் போக்குவரத்து. பர்மா, மலாயா பற்றிய பேச்சு இன்னும் வீடுகளில் புழங்கும் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் மிகுபுனைவு (ஃபேன்டசி) எழுத உட்காருகிறவர்களுக்கு இப்படியோர் உலகம் இயல்பாகவே அமைந்துவிடும். வரைபடம் வந்துவிடும், அரச வம்சம் வந்துவிடும். பெயர் வைக்கும்போதுதான் தடுமாற்றம். நெல் நாட்டுத் தளபதிக்கு ‘ஸர்க்கான்’, அவர் தங்கைக்கு ‘லீயா’, அவர்கள் ஊருக்கு ‘ஜொக்ராஷ்’ என்று வைத்தால் மூன்றும் மூன்று நாட்டுப் பெயராகக் கேட்கும்.

எந்த ஒலி சொல்லில் எங்கே நிற்கலாம், எதற்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்ற கட்டுப்பாடுதான் ஒரு மொழிக்கு முகம் கொடுக்கிறது. தொல்காப்பியம் இதையே மொழிமுதல் (சொல்லின் தொடக்கம்), மொழியிறுதி (சொல்லின் முடிவு), மெய்ம்மயக்கம் (மெய்கள் அடுத்தடுத்து நிற்பது) என்று வகுத்து வைத்திருக்கிறது. கற்பனை மொழி அமைக்க வேறு சட்டகம் தேட வேண்டாம். கீழே அந்த நெல் நாட்டு மொழியையே எடுத்துக்கொண்டு படிப்படியாக அமைக்கலாம்.

முதலில் எழுத்துச் சிக்கல்

தமிழில் எழுதுகிறவருக்கு என்றே ஒரு பிரச்சினை உண்டு. வல்லின எழுத்தின் ஒலி இடத்துக்கு இடம் மாறும். ‘கல்’ என்பதில் அழுத்தமான க. ‘பங்கு’ என்பதில் தொண்டை அதிரும் க. ‘பகல்’ என்பதில் காற்று கசியும் க. ‘பக்கம்’ என்று இரட்டித்தால் மறுபடி அழுத்தம். ‘தகபா’ என்று எழுதிவிட்டு நீங்கள் மனதில் எந்த ஒலியை வைத்திருந்தாலும், வாசகரின் வாய் தமிழ் விதிப்படிதான் படிக்கும். அதோடு சண்டை போடாதீர்கள். அழுத்தமான க-வுக்கும் அதிரும் க-வுக்கும் பொருள் வேறுபாடு இல்லாத மொழியாகவே அமைத்துவிடுங்கள். சொல் நடுவே அழுத்தம் வேண்டுமானால் இரட்டித்து எழுதலாம். சொல் முதலில் அதிரும் ப, க வேண்டுமானால் தமிழ் எழுத்தில் வழியே இல்லை, விட்டுவிடுங்கள். ச-வில் தொடங்கும் பெயரைப் பாதிப் பேர் ‘ஸ’ என்றும் மீதிப் பேர் ‘ச்ச’ என்றும் படிப்பார்கள். அதனால் முக்கியப் பாத்திரத்துக்கு அது உதவாது.

கிரந்த எழுத்தில் கை தாராளமாகப் போகக் கூடாது. ஜ, ஷ, க்ஷ கூடினால் வடமொழி வாடை அடிக்கும். ஃப, ஸ கூடினால் அரபு அல்லது ஆங்கிலச் சாயல் வந்துவிடும். ஒரே ஒரு கிரந்த எழுத்து போதும். இந்த மொழிக்கு ஹ மட்டும். மறுபக்கம் ழ, ள, ண, ற, ட ஐந்தும் தமிழின் அடையாளம். இவற்றை முழுக்க நீக்கினாலே பெயர்கள் பாதி வழி அயல்நாட்டுக்குப் போய்விடும். புதிய ஒலி சேர்ப்பதைவிட, இருப்பதை எடுப்பது அதிகப் பலன் தரும்.

ஒலிப் பட்டியல்

உலக மொழிகளில் ஐந்து உயிரொலி உள்ளவையே அதிகம். மெய்யொலிகள் பெரும்பாலும் இருபதை ஒட்டி இருக்கும். குறைவாக இருந்தாலும் மொழிக்கு ஒரு குறையும் இல்லை: ஹவாய் மொழிக்கு 8 மெய்கள், பப்புவா நியூ கினியின் பூகன்வில் தீவில் பேசப்படும் ரோட்டோகாஸ் மொழியின் ஒரு வழக்கில் மொத்தமே 11 ஒலியன்கள் (பொருளை வேறுபடுத்தும் ஒலிகள்). நம் நெல் நாட்டுக்கு 11 மெய்கள்:

ப, த, க
ம, ன, ங
ய, ர, ல, வ, ஹ

முதல் இரு வரிசைகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்பதைக் கவனியுங்கள். உதட்டில் ப–ம, பல்லருகே த–ன, அடிநாக்கில் க–ங. மெய்யான மொழிகள் பெரும்பாலும் இப்படி வரிசை வரிசையாகத்தான் நிரம்பும். ஓட்டை விடலாம், அரபியில் ப இல்லாததுபோல. ஆனால் ஓரிடத்தில் விட்டால் போதும். உயிர் அ, இ, உ, எ, ஒ. நெடில் முதல் அசையில் மட்டும், அதுவும் ஆ, ஈ, ஊ மூன்றுதான்.

எது எங்கே வரலாம்

அசையின் அமைப்பு: ஒரு மெய், ஓர் உயிர், விரும்பினால் இறுதியில் ன், ங், ல், ர் நான்கில் ஒன்று. இவ்வளவுதான்.

மொழிமுதலில் எல்லா மெய்யும் வரலாம். ங, ல, ர முதலில் வருவதே தமிழ்க் காதுக்கு வேற்று நாட்டை உணர்த்திவிடும். பர்மாக்காரர்களின் மீன் விழுதான ஙபி இதற்கு நல்ல சான்று. மொழியிறுதியில் ‘அம்’ வரக் கூடாது. அது வந்தால் சொல் தமிழ்ப் பெயர்ச்சொல்லாகிவிடும். குறில் எ, ஒ இரண்டும் இறுதியில் வேண்டாம். எழுத்துத் தமிழில் அப்படி முடியும் சொல் பழக்கத்தில் இல்லாததால் வாசகர் ஏ, ஓ என்று நீட்டிவிடுவார். மெய்ம்மயக்கத்தில் இரண்டு தடை: ல், ர் பக்கத்தில் பக்கத்தில் வராது, ன்-னுக்குப் பின் ப வந்தால் ன் ம்-ஆகிவிடும்.

கையிருப்பு போதுமா என்று கணக்குப் பாருங்கள். நெடிலை விட்டுவிட்டாலும் 11 மெய், 5 உயிர் சேர்ந்து 55. இறுதியில் ஒன்றுமில்லாமல் அல்லது நான்கு மெய்களில் ஒன்று என்று ஐந்து வாய்ப்பு. ஆக 275 அசைகள். ஈரசைச் சொற்கள் மட்டும் 75,625. தடைகளால் கொஞ்சம் கழிந்தாலும் ஒரு நாவல் வரிசைக்குத் தாராளம்.

செம்மண் ஊரின் மொழிக்கு இதற்கு நேர் எதிரான கட்டுப்பாடு வையுங்கள். மாதிரி கண்முன்னே இருக்கிறது. செட்டிநாட்டு நகரத்தார் வீட்டு உறவுச் சொற்களை எடுங்கள்: அப்பச்சி, ஆத்தா, அப்பத்தா, ஆச்சி. நான்குமே உயிரில் தொடங்கி, நடுவே வல்லினம் இரட்டித்து, உயிரில் முடிகின்றன. இந்த வார்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஒலிகளை மாற்றினால் ‘ஒக்கப்பி’, ‘ஈத்தக்கா’ என்று வரும். ரெட்டை வல்லினமே இல்லாத நெல் நாட்டுப் பேச்சுக்குப் பக்கத்தில் வைத்தால், யார் எந்தக் கரைக்காரர் என்று முதல் உரையாடலிலேயே தெரிந்துவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும்: முரட்டு மக்களுக்கு முரட்டு ஒலி, நல்லவர்களுக்கு ல-வும் ம-வும் என்று பங்கு போடாதீர்கள். எந்த மொழியிலும் கொடுங்கோலனும் தாலாட்டும் ஒரே ஒலிகளில்தான் வாழ்கிறார்கள்.

சீட்டுப் போட்டுச் சொல் எடுத்தல்

எந்த மொழியிலும் எல்லா ஒலியும் சம அளவில் வராது. மனம்போனபடி சொல் கட்டினால் பிடித்த ஒலிதான் திரும்பத் திரும்ப வரும். சீட்டு எழுதுங்கள். முதல் கிண்ணத்தில் மெய் 60 சீட்டு: த 9, ம 8, ன 7, ல 7, க 7, ர 6, ய 4, ப 4, வ 4, ஹ 2, ங 2. அடுத்ததில் உயிர் 20: அ 8, இ 4, உ 4, எ 3, ஒ 1. மூன்றாவதில் இறுதி 20: வெற்றுச் சீட்டு 12, ன் 4, ல் 2, ர் 1, ங் 1. எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் விகிதம் கெடும். எத்தனை அசை என்பதற்குப் பகடை: 1 விழுந்தால் ஓரசை, 2 முதல் 4 வரை ஈரசை, 5, 6 என்றால் மூவசை. நெடிலுக்கு நாணயம் சுண்டுங்கள். 100 சொல் எடுத்து, வாய்விட்டுப் படித்து, 60-ஐக் கழியுங்கள். அந்தக் கழிப்பில்தான் உங்கள் ரசனை வேலை செய்கிறது.

கழிக்கும்போது சந்தத்தைப் பாருங்கள். யாப்பு படித்தவர்களுக்கு இது சுலபம். ‘தாரி’, ‘ஹூலன்’, ‘வீகல்’ மூன்றும் நேர்நேர், அதாவது தேமா. பாத்திரப் பெயர் எல்லாம் தேமாவாகவே இருந்தால் நூறாவது பக்கத்தில் யார் யாரென்றே தெரியாது. புளிமாவில் ‘லகுனி’, கூவிளத்தில் ‘யாரகுல்’, கருவிளத்தில் ‘ஙபலிமன்’ என்று கலந்து வையுங்கள்.

வேற்றுமை உருபுச் சோதனை

பலரும் தவறவிடுவது இதைத்தான். உங்கள் பெயர் தமிழ் வாக்கியத்துக்குள் வாழப் போகிறது. ஐ, ஆல், கு, இன், இடம் எல்லாம் அதன்மேல் ஏறும். ஒவ்வொரு பெயருக்கும் இந்த ஐந்தையும் சேர்த்து எழுதிப் பாருங்கள்.

‘மெரன்’ என்றால் மெரனை, மெரனால், மெரனுக்கு, மெரனின், மெரனிடம். சிக்கலே இல்லை. ன், ல், ர் இறுதி எல்லாம் இப்படித்தான். ஆனால் ‘ஙன்’ என்ற ஓரசைப் பெயர் ‘ஙன்னை’ என்று இரட்டிக்கும், ‘கல்லை’ என்பதுபோல. ‘ஙான்’ என்று நெடிலாக்கினால் ‘ஙானை’ என்று நேராக வரும். ‘லமுர’ என்ற குறில் இறுதி ‘லமுரவை’ ஆகி, மூலப்பெயர் ‘லமுரவு’ போலத் தோன்றும். எழுத்தில் மட்டும் ‘லமுரா’ என்று நீட்டிவிடுங்கள். மிகத் தொல்லை தருவது ங் இறுதி. ‘மெயங்’ + ஐ = ‘மெயங்கை’. அதன் மூலப்பெயர் ‘மெயங்’ என்பதா, ‘மெயங்கு’ என்பதா, ‘மெயங்கை’ என்பதா என்று வாசகருக்குக் குழம்பும். ங் இறுதியை எப்போதாவது வரும் பொருட்பெயர்களுக்கு ஒதுக்குங்கள், கதாநாயகிக்கு வைக்காதீர்கள். பெயருக்குப் பின் வலி மிகுமா மிகாதா என்பதையும் முதல் அத்தியாயத்திலேயே முடிவுசெய்து கடைசிவரை மாற்றாமல் இருங்கள்.

ஊர்ப்பெயர்கள்

காரைக்குடி, குன்றக்குடி, சூரக்குடி, ஆத்தங்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கண்டனூர், தேவகோட்டை, நாட்டரசன்கோட்டை. குடி, ஊர், கோட்டை என்ற மூன்று இறுதிகளே ஒரு வட்டாரத்தைக் கட்டிவிடுகின்றன. நெல் நாட்டுக்கும் மூன்று போதும்: ‘-மல்’ என்றால் ஆற்றுமுகம், ‘-ரென்’ என்றால் மேடு, ‘-பகி’ என்றால் சந்தை. ஙிரமல், லொவிமல், ஹுலரென், யனபகி. பொருளைக் கதையில் விளக்கவே வேண்டாம், படிக்கப் படிக்கப் பிடிபடும். கானாடுகாத்தான் மாதிரி வரிசையில் அடங்காத பெயர் ஒன்றையும் வரைபடத்தில் விடுங்கள்.

காலமும் கடனும்

ஒலி மாற்றம் விதியாக நடக்கும். ஒரு சொல்லில் நடந்தால் அதே சூழல் உள்ள எல்லாச் சொல்லிலும் நடக்கும். பேச்சில் நேற்று ‘நேத்து’ ஆனால் காற்றும் ‘காத்து’ ஆகிறது. பர்மியத்தில் பழைய ர பொது வழக்கில் ய ஆகிவிட்டது, அரக்கான் வழக்கில் ர-வாகவே நிற்கிறது. நம்மவர்கள் ரங்கூன் என்று அறிந்த ஊர் 1989 முதல் அதிகாரப்பூர்வமாக யாங்கோன்.

நெல் நாட்டில் 200 ஆண்டில் நான்கு விதி ஓடட்டும். ஒன்று, உயிர்களுக்கு நடுவே க ஹ ஆகும். இரண்டு, ர ய ஆகும். மூன்று, சொல்லிறுதி ன் ங் ஆகும். நான்கு, மூக்கொலிக்குப் பின் இறுதியில் வரும் இ விழும். ‘மெரன்’ படகு, ‘மெரனி’ படகோட்டி என்று வைத்துக்கொள்வோம். இதே வரிசையில் போனால் படகு ‘மெயங்’, படகோட்டி ‘மெயன்’. நான்காம் விதியை மூன்றாவதுக்கு முன் ஓடவிட்டால் இரண்டும் ‘மெயங்’ ஆகி மோதும். மக்கள் படகோட்டிக்கு வேறு சொல் தேடியாக வேண்டும். இரண்டுமே நல்ல முடிவுதான், ஆனால் எந்த வரிசை என்பதை எழுதி வைக்காவிட்டால் மூன்றாம் பாகத்தில் சொற்கள் முரண்படும்.

கடன் வாங்கும் மொழி தன் விதிப்படி சொல்லைத் திருத்திக்கொள்ளும். மலாயில் ங்-கில் முடியும் பினாங் தமிழில் ‘பினாங்கு’ ஆனது. ர, ல முதலில் நிற்கக் கூடாது என்பதால் இராமன், அரங்கன், உரோமம், இலாபம் எல்லாம் முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொண்டன. ஹ முதலில் வந்தால் விழும், நடுவில் வந்தால் க ஆகும்: அனுமான், மகான். இந்த மூன்றையும் செம்மண் ஊருக்குக் கொடுங்கள். மெயங் அங்கே ‘மெயங்கு’ ஆகும். ‘லகுனி’ என்ற பழஞ்சொல் நெல் நாட்டிலேயே ‘லஹுன்’ ஆகி, கப்பலேறி வந்து ‘இலகுன்’ ஆகும். தற்செயலாக அந்தக் க திரும்பி வந்துவிட்டது! செம்மண் ஊரின் பழைய ஓலைகளைப் படிக்கும் பாத்திரம் ஒருவர், தம்மூரில்தான் மூலவடிவம் பிழைத்திருக்கிறது என்று தவறாக வாதிட இது போதும்.

கடைசிச் சல்லடை

சொற்பட்டியலைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் தேடிப் பாருங்கள். 1924–1936 காலத்தில் வெளிவந்த அந்த அகராதி இணையத்தில் கிடைக்கிறது. ‘பரனி’ என்ற அருமையான சொல் மேற்கண்ட விதிகளில் ஓடினால் ‘பயன்’ என்று வந்து நிற்கும். ஆகவே மூலச் சொல்லைப் போலவே மாறிய வடிவங்களையும் தேட வேண்டும். பிறகு ஒலி மாறினால் வசைச்சொல் ஆகிறதா, ஏதாவது சமூகத்தின் பெயரைத் தொடுகிறதா என்று பாருங்கள். இதற்கு அகராதி போதாது. பட்டியலைக் கதை தெரியாத இருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இருவரும் ஒரு பெயரை வெவ்வேறாகப் படித்தால் அந்தப் பெயரின் எழுத்தை மாற்றுங்கள். சரியான உச்சரிப்பு இன்னது என்று அடிக்குறிப்புப் போட்டு யாரும் பழக்கத்தை மாற்றியதில்லை.