பாறையிலிருந்து பழங்காலப் புவிக்காந்தத்தின் வலிமையை அளப்பது எப்படி?

எரிமலைக் குழம்பு குளிர்ந்து பாறையாகும்போது, அதிலுள்ள மேக்னடைட் போன்ற இரும்புக் கனிமத் துகள்கள் அப்போது அவ்விடத்தில் நிலவிய புவிக்காந்தப் புலத்தைப் பதிந்து வைத்துக்கொள்கின்றன. அந்தப் புலத்தின் திசையை அறிவது ஓரளவு எளிது. வலிமையை அறிவதுதான் கடினம். ஏனெனில் ஒரு பாறையின் காந்தம் கூடுதலாக இருப்பது பழைய புலம் வலுவாக இருந்ததாலா, அல்லது அதில் காந்தக் கனிமம் மிகுந்திருப்பதாலா என்பதை வெறும் அளவீட்டைக் கொண்டு சொல்ல முடியாது. எனவே, அளவு தெரிந்த ஒரு புலத்தில் அதே பாறைக்கு நாமே புதிதாகக் காந்தம் ஏற்றி, பழையதையும் புதியதையும் ஒப்பிட வேண்டும். எமில் தெலியே, ஓடெட் தெலியே என்னும் பிரெஞ்சு இணையர் 1959-இல் விரிவாக வெளியிட்ட செய்முறையின் அடிப்படை இதுதான். 1967-இல் ராபர்ட் கோ என்னும் ஆய்வாளர் அதில் செய்த மாற்றம் இன்று பரவலாகப் பின்பற்றப்படுவதால், இங்கே அதையே விளக்குகிறேன்.

புவிக்காந்தம் போன்ற வலுக்குறைந்த புலத்தில் குளிரும் பாறை பெறும் காந்தம், அந்தப் புலத்தின் வலிமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இந்த ஒரு விதியை நம்பியே முழுச் செய்முறையும் நிற்கிறது. அப்படியானால் ஒரே முறை 600 டிகிரிக்குச் சூடாக்கி ஒப்பிட்டுவிடலாமே என்று தோன்றும். அவ்வாறு செய்தால், சூட்டில் கனிமங்களே மாறிவிட்டனவா என்பதைக் கண்டுபிடிக்க வழியே இருக்காது. படிப்படியாகச் சூடாக்குவதன் காரணம் இதுவே.

படி 1: மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

விரைவாகக் குளிர்ந்து, மிக நுண்ணிய காந்தத் துகள்களைக் கொண்ட பாறையே ஏற்றது. எரிமலைக் குழம்பின் ஓரப்பகுதி, கடலடியில் உறைந்த பசால்ட் (கருநிற எரிமலைப் பாறை) கண்ணாடி ஆகியவை நல்ல மாதிரிகள். சூளையில் சுட்ட பழைய செங்கல்லும் மட்பாண்டமும்கூடப் பயன்படும். வானிலையால் சிதைந்த பாறையையும் மின்னல் தாக்கிய முகட்டையும் தவிர்த்துவிடுங்கள். வைர முனை கொண்ட துளைப்பானால், நீர் ஊற்றிக் குளிர்வித்தபடி, ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைகளாக வெட்டி எடுப்பது வழக்கம். ஒரே குழம்பு ஓட்டத்திலிருந்து பல உருளைகள் வேண்டும்.

படி 2: முன்சோதனை

சிறு துணுக்கு ஒன்றைச் சூடாக்கிக் குளிர்வித்து, அதன் காந்த ஏற்புத்திறன், அதாவது வெளிப்புலத்தில் அது எவ்வளவு எளிதாகக் காந்தமாகிறது என்பது, எப்படி மாறுகிறது என்று பாருங்கள். தூய மேக்னடைட் ஏறத்தாழ 580 டிகிரி செல்சியஸில் தன் காந்தத்தை இழக்கும்; டைட்டானியம் கலந்திருந்தால் அதற்குக் குறைவான வெப்பத்திலேயே இழந்துவிடும். சூடாகும்போது கிடைக்கும் வளைகோடும் குளிரும்போது கிடைப்பதும் பெரிதும் விலகினால், அந்தப் பாறையில் மேற்கொண்டு உழைப்பது வீண்.

படி 3: இரட்டைச் சூடாக்கம்

முதலில் பாறையின் இயற்கைக் காந்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், வெளிக்காந்தம் நுழையாதபடி கவசமிட்ட உலையில் 100 டிகிரிக்குச் சூடாக்கி, புலமே இல்லாத நிலையில் குளிர்வித்து, எஞ்சிய காந்தத்தை அளக்க வேண்டும். அடுத்து அதே 100 டிகிரிக்கு மறுபடியும் சூடாக்கி, இம்முறை அளவு தெரிந்த புலத்தில், எடுத்துக்காட்டாக 40 மைக்ரோடெஸ்லாவில் (காந்தப்புல வலிமையின் அலகு), குளிர்வித்து அளக்க வேண்டும். புலத்தில் குளிர்வித்த அளவீட்டிலிருந்து புலமின்றிக் குளிர்வித்த அளவீட்டைத் திசையன் முறையில், அதாவது அளவோடு திசையையும் கணக்கில் கொண்டு, கழித்தால், நாம் ஏற்றிய காந்தம் கிடைக்கும். இப்படியே வெப்பநிலையை உயர்த்திக்கொண்டே செல்ல வேண்டும்; 450 டிகிரிக்கு மேல் பெரும்பாலான காந்தம் கழலத் தொடங்குவதால், அங்கே இடைவெளியைக் குறைத்துக்கொள்வது நல்லது. பாறை ஆக்சிஜனேற்றம் அடையாமலிருக்க, வெற்றிடத்திலோ ஆர்கான் வாயுவிலோ சூடாக்குவதும் உண்டு.

படி 4: திரும்பிச் சென்று சரிபார்த்தல்

பொறுமையிழந்து பலர் சுருக்கிவிடும் படி இது. என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முதன்மையானது. 520 டிகிரியை எட்டிய பிறகு, மீண்டும் 450 டிகிரிக்கு இறங்கி, அதே ஆய்வகப் புலத்தில் காந்தம் ஏற்றிப் பாருங்கள். முதன்முறை 450 டிகிரியில் 25 அலகு ஏறியிருந்தால் இப்போதும் 25-ஐ ஒட்டியே ஏற வேண்டும். 32 ஏறினால், இடைப்பட்ட சூட்டில் புதிய மேக்னடைட் உருவாகிவிட்டது என்று பொருள். அதற்கு மேற்பட்ட வெப்பநிலைகளின் அளவீடுகளைத் தயங்காமல் விட்டுவிட வேண்டும்.

படி 5: வரைபடம்

செங்குத்து அச்சில் எஞ்சிய இயற்கைக் காந்தத்தையும், கிடை அச்சில் ஏற்றிய காந்தத்தையும் குறியுங்கள். 1963-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய இதனை அராய் வரைபடம் என்பார்கள். ஒரு மாதிரியின் இயற்கைக் காந்தம் 100 அலகு என்று கொள்வோம். 450 டிகிரியில் 70 எஞ்சி 25 ஏறுகிறது. 520-இல் 40 எஞ்சி 50 ஏறுகிறது. 560-இல் 10 எஞ்சி 75 ஏறுகிறது. 30 அலகு இழக்கும் ஒவ்வொரு முறையும் 25 அலகு ஏறுவதால், புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் அமைகின்றன; சாய்வின் அளவு 1.2. ஆய்வகப் புலமான 40-ஐ அதனால் பெருக்கினால், பழைய புலம் 48 மைக்ரோடெஸ்லா. இன்று புவியின் மேற்பரப்பில் புலம் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருப்பதால், இது நம்பத்தகுந்த மதிப்பு.

பெரிய துகள்கள் மிகுந்த பாறையில் கோடு நேராக வராது, தொய்ந்து வளையும். அந்த வளைவில் செங்குத்தான முதல் பகுதியை மட்டும் எடுத்தால் பழைய புலம் உண்மையைவிட வலுவாகத் தோன்றும். தட்டையான பின்பகுதியை எடுத்தால் வலுக்குறைந்து தோன்றும். விரும்பிய விடைக்கு ஏற்பத் துண்டைத் தேர்ந்தெடுக்கும் ஆசை எழும் இடம் இது. ஆகவே, எத்தனை புள்ளிகள் வேண்டும், இயற்கைக் காந்தத்தில் எவ்வளவு பங்கைக் கோடு தழுவ வேண்டும் என்ற அளவுகோல்களை அளக்கத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

படி 6: திருத்தங்கள்

இயற்கையில் பாறை மெதுவாகக் குளிர்ந்திருக்கும். ஆய்வகத்திலோ சிறிது நேரத்தில் குளிர்ந்துவிடுகிறது. நுண்துகள்கள் மெதுவாகக் குளிரும்போது கூடுதல் காந்தம் பெறுவதால், இதற்குத் திருத்தம் செய்யாவிட்டால் விடை சற்று மிகையாக வரும். மட்பாண்டங்களில், திசைக்குத் திசை காந்தம் ஏறும் அளவு வேறுபடுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பழைய பாறைகளில் கைவைக்கும் முன், புலம் ஏற்கெனவே தெரிந்த அண்மைக்காலக் குழம்பு ஒன்றில் உங்கள் உலையையும் முறையையும் சோதியுங்கள். ஹவாயின் கிலாவியா எரிமலை 1960-இல் கக்கிய குழம்பு இதற்குப் பெயர்பெற்றது. அது குளிர்ந்தபோது அங்கிருந்த புலம் ஏறத்தாழ 36 மைக்ரோடெஸ்லா. ஆனால் அதே குழம்பில் செய்த சில ஆய்வுகளில் அதைவிடக் கூடுதலான மதிப்பே கிடைத்தது. ஒரே ஓட்டத்தின் பல உருளைகள் ஒத்த விடையைத் தந்த பிறகே சராசரியை வெளியிட வேண்டும்; எத்தனை உருளைகள் தேறவில்லை என்பதையும் அதனுடனேயே குறிப்பிட வேண்டும்.