பெண்கல்வியின் தொடக்ககால வாதங்கள்: கட்டுரை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண்கல்வி வரலாற்றை எழுதும் நம் மாணவர் பலர், பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்று வாதிட்ட எவரையும், பெண் அறிவில் ஆணுக்கு நிகரானவள் என்று வாதிட்டவராகவே கொண்டுவிடுகின்றனர். இவை இரண்டும் வெவ்வேறு வாதங்கள். 1824 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, அவர்களது ஆண்களுக்கான உயர்கல்வி நிறுவனமாகிய வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற இளைஞருக்குப் படித்த கிறிஸ்தவ மனைவியரை ஆயத்தப்படுத்துவதும் அவர்களது நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. 1913 இல் யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்படுவதை எதிர்த்தார். இதனால் அவ்விரு நிறுவனங்களின் பெறுமதி சிறிதும் குறையாது. ஆனால் நிறுவியோரின் வாயில் அவர்கள் சொல்லாத சமத்துவத்தை நாம் வைத்தல் தகாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அடக்கமாகக் கேட்டவர்களைத் துணிவற்றவர்கள் என்று ஒதுக்குவது எனக்கு இன்னும் அநீதியாகப் படுகிறது. 1673 இல் இங்கிலாந்தில் பெண்கல்விக்காக எழுதிய பத்சுவா மேக்கின், பெண்களை ஆண்களுக்குச் சமமாக்குவது தம் நோக்கமன்று என்றும், அளவுக்கு மிஞ்சிக் கேட்டால் யாவும் மறுக்கப்படும் என்றும் வெளிப்படையாகவே கூறினார். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர் கண்ணிற் படாதவாறு மறைப்புக்குப் பின்னால் இருந்து விரிவுரை கேட்ட அன்னா மரியா வான் ஷூர்மன், கல்விக்கான தமது தருக்கத்தை வசதியும் ஓய்வும் உள்ள கிறிஸ்தவப் பெண்களோடு வரையறுத்துக்கொண்டார். அந்த வரையறையை மறைக்காமல் எழுதுங்கள். அது எத்தகைய எதிர்ப்பின் நடுவே வகுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

1792 இல் வெளிவந்த ஆங்கில எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் பெண்ணுரிமை நூலையே சமத்துவ வாதத்தின் தொடக்கமாகக் கொள்வதும் பிழை. இருபாலாரும் சமம் என்று பிரெஞ்சு எழுத்தாளர் மரீ டி கூர்னே 1622 இலேயே எழுதிவிட்டார்.

ஔவையார் பாடினார், ஆகவே பண்டைத் தமிழகத்தில் பெண்கள் எல்லோருக்கும் கல்வி இருந்தது என்று முடிப்பது இங்கு மிகப் பரவலான தவறு. 1405 அளவில் பிரான்சில் எழுதிய கிறிஸ்டீன் டி பிசான் கற்றறிந்த பெண்களைத் தம் நூலில் வரிசையாக எடுத்துக்காட்டியது, பெண்ணின் இயல்பே கல்விக்கு ஒவ்வாதது என்றோரை மறுப்பதற்காகவே. ஔவையாரையும் அந்த மறுப்புக்கே சான்றாகக் காட்டலாம். அவர் காலத்துப் பெண்களின் பொதுநிலைக்கு வேறு சான்று தேட வேண்டும்.