கோச்சி எஞ்சினில் எழுதியிருப்பதை வாசிப்பது எப்படி: மலையகப் பாதைக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

அட்டன், நானுஓயா, பண்டாரவளை என்று எந்த ஸ்டேஷனில் நின்றாலும், வந்து நிற்கும் எஞ்சினின் பக்கவாட்டில் ஓர் எழுத்தும் சில எண்களும் இருக்கும். எம் 6, எம் 5சி, எஸ் 12 என்று. அவற்றை வாசிக்கப் பழகிவிட்டால், அந்த எஞ்சின் எப்படி இழுக்கிறது, ஏறக்குறைய எந்தக் காலத்தில் நாட்டுக்கு வந்தது, ஏன் நம் மலைக்கு அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் மேடையில் நின்றபடியே தெரிந்துவிடும். இதற்குப் படிப்பு எதுவும் வேண்டாம். கோச்சி, அதாவது ரயில், நிற்கிற இரண்டு மூன்று நிமிடம் போதும்.

படி 1: முதல் எழுத்து

எழுத்துத்தான் வகையைச் சொல்கிறது. இலங்கை ரயில்வேயில் இன்று முக்கியமாகப் பார்க்க வேண்டியவை நான்கு.

எம் என்றால் டீசல்-மின் எஞ்சின். உள்ளே இருக்கும் டீசல் இயந்திரம் நேரடியாகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது மின்சாரத்தை உண்டாக்கும். அந்த மின்சாரம் சக்கர அச்சுகளில் உள்ள மோட்டார்களுக்குப் போகும். டபிள்யூ என்றால் டீசல்-நீரியல். இதில் மின்சாரத்துக்குப் பதிலாக, அழுத்தத்தில் சுழலும் எண்ணெய்தான் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. ஒய் என்பதும் நீரியல் வகைதான். ஆனால் நீண்ட ஓட்டத்துக்கு அல்ல, யார்டில் பெட்டிகளை இழுத்து, தள்ளி, சேர்த்துவிடும் சின்ன எஞ்சின். எஸ் என்பது தனி எஞ்சின் இல்லாத ‘பவர் செட்’. ஓட்டுநர் அறையும் இயந்திரமும் பயணிகள் பெட்டிகளும் ஒரே தொகுதியாகவே வரும்.

இந்திய ரயில் பற்றிப் படித்தவர்கள் இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். அங்கே டபிள்யூடிஎம் 2 என்று எழுதியிருந்தால் டபிள்யூ அகலப் பாதையையும், டி டீசலையும், எம் பயணிகளும் சரக்கும் இரண்டும் இழுக்கும் எஞ்சின் என்பதையும் குறிக்கும். நம் எம்முக்கு அந்தப் பொருள் கிடையாது. வாரணாசியில் அந்த டபிள்யூடிஎம் 2-ஐ ஒட்டிச் செய்த எஞ்சின்கள் இங்கே வந்ததும் எம் 8 ஆகிவிட்டன.

படி 2: எழுத்துக்குப் பின்னால் வரும் எண்ணும், அதன் வாலும்

எண் பெரும்பாலும் வந்த வரிசை. எம் 1 இங்கிலாந்திலிருந்து 1953 இல் வந்தது. எம் 2 கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்தது. அதனால்தான் அவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். 570 ஆம் எண் எஞ்சினின் பெயர் அல்பேர்ட்டா. எம் 4 உம் கனடாவிலிருந்துதான், 1975 இல் வந்தது. எம் 5 ஜப்பானிலிருந்தும் எம் 6 மேற்கு ஜெர்மனியிலிருந்தும் 1979 அளவில் வந்தன.

எண்ணுக்குப் பின்னால் ஏ, பி, சி என்று வால் இருந்தால், அதே குடும்பத்தில் ஏதோ மாற்றம் என்று புரிந்துகொள்ளுங்கள். எம் 5 எஞ்சின்களுக்குப் பிற்காலத்தில் உள்ளே இருந்த டீசல் இயந்திரத்தை மாற்றினார்கள். வெளித்தோற்றம் ஏறக்குறைய அதேதான், பெயர் மட்டும் எம் 5ஏ, எம் 5பி, எம் 5சி என்று பிரிந்தது. மாற்றம் பெரிதானால் வகுப்பு எண்ணே மாறும். டபிள்யூ 1 எஞ்சின்களில் சிலவற்றைப் புதுப்பித்தபோது அவை டபிள்யூ 3 ஆயின.

படி 3: மூன்று இலக்க எண்

இது அந்த ஒரு எஞ்சினுக்கே உரிய எண். வகுப்பு வேறானாலும் எல்லாவற்றுக்கும் ஒரே தொடர் வரிசைதான். எம் 4 எஞ்சின்கள் 743 முதல் 756 வரை. எம் 8 என்பவை 841 முதல் 848 வரை. எம் 9 தொடங்குவது 864 இல். நடுவில் உள்ள எண்கள் எங்கே போயின என்று கேட்டால், அவை எஸ் 9 பவர் செட்டுகளுக்குப் போயின.

படி 4: சக்கரங்களை எண்ணுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். மலையகப் பாதையைப் புரிந்துகொள்ளவும் இதுவே வழி.

மேடையில் நின்று எஞ்சினின் ஒரு பக்கத்தைப் பாருங்கள். அடியில் இரண்டு போகிகள், அதாவது சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டங்கள், இருக்கும். ஒவ்வொன்றிலும் எத்தனை சக்கரம் என்று எண்ணுங்கள். இரண்டு இரண்டாக இருந்து எல்லா அச்சிலும் மோட்டார் இருந்தால் அது போ-போ (Bo-Bo). மூன்று மூன்றாக இருந்து ஆறு அச்சிலும் மோட்டார் இருந்தால் கோ-கோ (Co-Co). எழுத்து, மோட்டார் உள்ள அச்சுகளின் எண்ணிக்கை: ஏ ஒன்று, பி இரண்டு, சி மூன்று. கூடவே வரும் ஓகாரம், ஒவ்வோர் அச்சும் தனித்தனியாக இயங்குகிறது என்று சொல்கிறது. மோட்டார் இல்லாமல் பாரம் மட்டும் தாங்கும் அச்சை எழுத்தால் அல்ல, எண்ணால் எழுதுவார்கள்.

இப்போது எம் 6-ஐப் பாருங்கள். அதன் குறியீடு ஏ1ஏ-ஏ1ஏ. பக்கத்துக்கு ஆறு சக்கரம் தெரியும், ஆனால் ஒவ்வொரு போகியிலும் நடு அச்சுக்கு மோட்டார் இல்லை. ஆறு அச்சு, நான்கு மோட்டார். எதற்காக இப்படி? எஞ்சினின் எடையை நான்கு அச்சில் ஏற்றாமல் ஆறில் பரப்பினால், ஒவ்வொரு சக்கரமும் தண்டவாளத்தை அழுத்தும் பாரம் குறையும்.

நம் பாதையின் ஏற்றம் பல இடங்களில் 44 அடிக்கு ஓர் அடி. வளைவுகளில் மிகக் கூர்மையானவற்றின் ஆரம் ஐந்து சங்கிலி, அதாவது 330 அடிதான். தெமோதரையில் பாதை தன்னையே சுற்றிக்கொண்டு, தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைகிறது. இப்படிப்பட்ட இடத்தில் குதிரைவலு மட்டும் இருந்து பயனில்லை. போகி வளைவுக்கு இணங்கித் திரும்ப வேண்டும், பாரமும் அளவாக இருக்க வேண்டும். அதற்கென்றே வளைந்து கொடுக்கும் போகிகளோடு எம் 6-ஐச் செய்தார்கள். வலு கூடிய எம் 8, எம் 9 போன்ற கோ-கோ எஞ்சின்களைச் சமதரைப் பாதைகளில்தான் அதிகம் காண்பீர்கள். 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொலைக்கு எம் 6 ஏறி வருவதைப் பார்க்கும்போது, அந்த ஏ1ஏ என்ன வேலை செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

சக்கரத்துக்குப் பக்கத்தில், தண்டவாளத்தை நோக்கி வளைந்திருக்கும் மெல்லிய குழாயையும் கவனியுங்கள். அது மணல் குழாய். பனியும் தூறலும் தண்டவாளத்தை வழுக்கலாக்கும்போது, அதன் வழியாக மணலைத் தூவிப் பிடிமானம் எடுப்பார்கள்.

படி 5: நீராவி எஞ்சின் என்றால் கணக்கு வேறு

கடுகண்ணாவை ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களுக்காக இது. நீராவி எஞ்சின்களில் அச்சை அல்ல, இரு பக்கத்துச் சக்கரங்களையும் சேர்த்து எண்ணுவார்கள். 4-6-0 என்றால் முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் இழுக்கும் சக்கரம் ஆறு, பின்னால் ஒன்றும் இல்லை. ஆளுநர்களின் பெயர் தாங்கிய பி 1 வகுப்பு இது. மலை ஏற்றத்துக்காகக் கொண்டுவந்த சி 1 காரட் எஞ்சின் 2-6-2+2-6-2. நடுவில் உள்ள கூட்டல் குறி, ஒரே கொதிகலனுக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகத் திரும்பும் இரண்டு சக்கரத் தொகுதிகள் இருப்பதைச் சொல்கிறது. அதே வளைவு, அதே ஏற்றம், அந்தக் காலத்து விடை.

படி 6: பெட்டிகள்

பெட்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது வகுப்பு: முதலாம், இரண்டாம், மூன்றாம். ஐரோப்பாவில் இவற்றை ஏ, பி, சி என்று எழுதினார்கள். 1956 இல் அங்கே மூன்றாம் வகுப்பையே எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் அது இன்னும் ஓடுகிறது. தோட்டத்திலிருந்து டவுனுக்கும் கொழும்புக்கும் போகிற நம் சனங்கள் அதிகம் ஏறுவதும் அதில்தான். சுற்றுலாப் பக்கங்கள் பெரிய கண்ணாடி வைத்த காட்சிப் பெட்டியை மட்டுமே கொண்டாடுகின்றன. மலையகக் கோச்சியை அறிய விரும்புகிறவர் மூன்றாம் வகுப்பையும் அதே அக்கறையோடு குறித்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

அப்புறம், வேலையை வைத்துப் பிரியுங்கள்: காட்சிப் பெட்டி, சாப்பாட்டுப் பெட்டி, கார்டின் பெட்டி. உடரட்ட மெனிக்கே, பொடி மெனிக்கே போன்ற ரயில்களில் எஸ் 12 வந்தால் எஞ்சினையும் பெட்டியையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டாம், முழுத் தொகுதிக்கும் ஒரே பெயர். சீனாவிலிருந்து 2012 இல் வந்த செட் அது.

படி 7: குறிப்பெடுத்தல்

ஒரு வரி போதும்: ‘எம் 6, 790, ஏ1ஏ-ஏ1ஏ, பதுளைப் பக்கம்’ என்று எழுதி, பின்னால் பெட்டிகளை வரிசையாகச் சேருங்கள். றம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே பார்க்கக் கிடைத்தால் கோச்சியின் வாலையும் பாருங்கள். அந்த ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ள இன்னோர் எஞ்சினைப் பூட்டுவது பழைய வழக்கம். அதன் எண்ணையும் தனியாக எழுதுங்கள். வகுப்புப் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். டபிள்யூ 1 டபிள்யூ 3 ஆனதுபோல அது நாளைக்கு மாறலாம், அப்போது பழைய குறிப்பையும் புதிய குறிப்பையும் பொருத்திப் பார்க்க அந்த மூன்று இலக்கம்தான் உதவும்.